கழற்ற முன்னம் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கொட்டில்களிலும் முற்றத்து மாமர நிழலிலும் பழைய கார்களையும் லொறிகளையும் திருத்தி எழுப்பிக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களில் பலரை எனக்கு முகத்தில் தெரியும், பெயரில் தெரியாது. கோண்டாவில், மானிப்பாய், நெல்லியடி, சாவகச்சேரி என்று எந்த ஒழுங்கைக்குள் போனாலும், வெல்டிங் வெளிச்சம் தெரிகிற மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்காமல் என்னால் வர முடிவதில்லை. பகல் முழுக்க வேறு வேலை செய்துவிட்டு வந்து இரவில் காருக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்திருக்கிறீர்கள். சம்பளத்தில் பெரும்பங்கு பெயின்ருக்கும் ரயருக்கும் போகிறது. வீட்டில் ஏச்சும் வாங்குகிறீர்கள். உங்கள் கை படாவிட்டால் குடாநாட்டில் மிஞ்சியிருக்கிற மொறிஸ் மைனர்களிலும் ஒஸ்ரின்களிலும் எத்தனையோ பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறியிருக்கும். இதை நன்றாக அறிந்துகொண்டுதான் உங்களிடம் ஒரு முறைப்பாட்டையும் ஒரு வேண்டுகோளையும் கொண்டுவருகிறேன்.

முறைப்பாடு இது. அண்மையில் ஒரு முற்றத்தில் ஒஸ்ரின் ஏ40 சமர்செற் ஒன்று முழுதாகக் கழற்றிக் கிடந்தது. வேலை நேர்த்தியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. கதவுகள் சாயம் சுரண்டிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எஞ்சின் மேசையில் இருந்தது. மூலையில் எரிப்பதற்கும் எறிவதற்குமாக ஒரு குவியல். அந்தக் குவியலுக்குள் தகரத்தில் அடித்து ஈயம் பற்றவைத்த சின்னத் தாங்கி ஒன்று, இரண்டு செப்புக் குழாய்கள், நடுவில் பித்தளைத் திருப்பு ஒன்று. அதை ஏன் எறிகிறீர்கள் என்று கேட்டேன். "அது ஒறிஜினல் இல்லை அக்கா, ஆரோ பிறகு செய்த ஒட்டுவேலை" என்று அந்தத் தம்பி மரியாதையாகவே பதில் சொன்னார்.

அந்தத் திருப்பு என்னவென்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அது அவருடைய பிழையில்லை. ஆனால் அந்தக் கார் இன்றைக்கு அவருடைய முற்றத்தில் கிடக்கக் காரணமே அந்தத் திருப்புத்தான்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது உங்களில் பெரும்பாலானோர் பிறந்திருக்கவில்லை. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் வடக்குக்கு வரத் தடை. மின்சாரமும் போய்விட்டது. எங்கள் அப்பா கராச் வைத்திருந்தவர். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. காரை மண்ணெண்ணெயில் ஓட்டுவது என்பது அந்தக் காலத்துக் கதைகளில் இன்று ஒரு சுவையான வரியாகச் சொல்லப்படுகிறது. அது ஒரு தொழில்நுட்பம் என்பதை யாரும் சொல்வதில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுத்து எஞ்சினை எழுப்ப வேண்டும். சிலர் சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டுக் குழாயால் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்கு விட்டார்கள். சிலர் சின்னத் தாங்கி அடித்துப் பூட்டினார்கள். எஞ்சின் சூடேறியதும் திருப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எந்த நேரத்தில் மாற்றுவது என்பதைச் சத்தத்தைக் கேட்டுத்தான் முடிவுசெய்தார்கள். முந்தி மாற்றினால் எஞ்சின் நின்றுவிடும், பிந்தி மாற்றினால் பெற்றோல் வீண். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் ஒயிலை அடிக்கடி விரலில் தொட்டு மணந்து பார்த்தார்கள். பிளக்கைக் கழற்றி அரத்தாள் போட்டு உரஞ்சித் திரும்பப் பூட்டுவது அன்றாட வேலை.

இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரத்துக்கும் இதே முறை இருந்தது: பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கு மாற்றுவது. அதற்கென்று எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே அளவு மாற்றிச் செய்தார்கள், கைநூலும் அச்சடித்துக் கொடுத்தார்கள். எங்களுடைய ஆட்களிடம் கைநூல் இருக்கவில்லை. குண்டு விழும் ஊரில், மின்சாரமில்லாத பட்டறையில், ஒரு காரில் பட்டறிந்து மற்றக் காரில் திருத்திக் கண்டுபிடித்தார்கள். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அது ஏறியிருக்கிற ஒரே இடம் உங்கள் முற்றத்துக் கார்தான்.

ஏன் பழைய கார்கள் மட்டும் தப்பின, அந்தக் காலத்திலேயே ஊரில் இருந்த ஜப்பான் கார்கள் ஏன் கொட்டிலில் கிடந்தன என்று நீங்கள் யோசித்ததுண்டா? 1950களின் பிரித்தானியக் காரில் முன்பக்கத்துத் துளைக்குள் கைபிடியை விட்டுச் சுழற்றி எஞ்சினை எழுப்பலாம். பற்றறி பலமில்லாமற் போனாலும் கார் ஓடும். அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்றை ஒட்டியது, ஆகவே மட்டமான எண்ணெயையும் தாங்கும். காபரேற்றரைக் கண்ணால் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். புஷ்ஷையும் பின்னையும் லேத்தில் கடைந்தெடுக்கலாம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி முடங்கியதிலிருந்து, இருப்பதையே வைத்து ஓட்டுவதற்கு எங்கள் மெக்கானிக்மார் பழகியிருந்தார்கள். 1990இல் வந்த சோதனைக்கு முப்பது வருடப் பயிற்சி முன்கூட்டியே கிடைத்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

இதே நாட்டின் தெற்கில் அதே 1990களில் நடந்ததையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், தென்னிலங்கையில் ஒரு தொழிற்சாலை அமைத்து மொறிஸ் மைனருக்கான தகடுகளைச் செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். எங்களுடைய கைவினைஞர் அந்த வேலையில் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. இங்கே ஒரு பிளக்குக்கு வழியில்லாமல் இருந்தபோது, அதே தீவின் மற்றக் கரையிலிருந்து மைனர் தகடு கப்பலேறியது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அந்த ஆற்றாமையில்தான் சொல்கிறேன்: அவர்கள் செய்த புதுத் தகட்டுக்குப் பதிவேடு இருக்கும், விலைப்பட்டியல் இருக்கும், படம் இருக்கும். எங்கள் அப்பாமார் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி விரித்து அடித்த மட்காட்டுக்கு அதுவேதான் சாட்சி. அதை நீங்கள் இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டு, கடல்கடந்து வந்த புதியதைப் பூட்டுகிறீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். "அவர்களும் மாற்றினார்கள்தானே? ஏ40க்குள் டீசல் எஞ்சின் இறக்கினார்கள், கியர்ப்பெட்டியை மாற்றினார்கள், லொறிச் சட்டகத்தில் மரக்கூடு கட்டினார்கள். நாங்கள் மாற்றினால் மட்டும் ஏன் குற்றம்?" இது நேர்மையான கேள்வி. இதற்கு நேர்மையாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மாற்றுவது குற்றமில்லை. யாழ்ப்பாணத்துக் காரில் தொழிற்சாலையை விட்டு வந்தபடி அப்படியே இருப்பது மிகக் குறைவு. அதை 1953இல் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை வாசலில் நின்ற மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படியொரு சமர்செற்றைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தில் நிறைய இருக்கின்றன. ஆனால் எங்கள் பெரியவர்கள் ஒன்றை மாற்றும்போது மற்றதை எறியவில்லை. எறிய அவர்களுக்கு வசதியில்லை. எந்த அச்சாணியும் எந்த வால்வும் நாளைக்கு இன்னொரு காருக்கு உதவும் என்று பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்தார்கள். அவர்கள் செய்த ஒவ்வொரு மாற்றமும் அந்த நாளில் ஊரில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. நீங்கள் செய்யும் மாற்றத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. உங்களுக்குத் தெரிவு இருக்கிறது. தெரிவு உள்ளவர் வெட்ட முன்னம் யோசிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால் நானே முன்னின்று சொல்வேன். பிரேக்கை மாற்றுங்கள். இந்தக் கார்களில் நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக். ஒரே ஒரு குழாய்ச் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். இன்றைய ஏ9 வீதியில், பின்னால் வேகமாக வரும் சொகுசு பஸ்ஸுக்கு முன்னால், அது போதாது. தடைக்காலத்தில் பிரேக்கில் செய்த ஒட்டுவேலை எதையும் நம்பி ஓடாதீர்கள். கழற்றிப் பெட்டியில் வையுங்கள். மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் முன்சில்லுத் தாங்கியின் திருகு மூட்டுக்குக் கிறீஸ் அடிப்பதில் ஒருநாளும் அலட்சியம் காட்டாதீர்கள். அந்த மூட்டுத் தேய்ந்து கழன்றால் முன்சில்லு உள்ளே மடிந்து கார் வீதியில் குந்திவிடும். ஆசனப்பட்டி போடுங்கள்.

மின்வயரிங் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொட்டில்களில் புகை கிளம்புவது பெரும்பாலும் இதனால்தான். அந்தக் காலத்து ஒஸ்ரினிலும் மொறிஸிலும் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய ஒல்ரநேற்றர், ரேடியோ எல்லாம் அதற்கு நேர்மாறு. இதை அறியாமல் பூட்டி எரித்தவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். மாற்றுவதென்றால் முழுதாக மாற்றி, பற்றறிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம். பெற்றோலும் மாறிவிட்டது. 2002இல் இலங்கை ஈயம் கலவாத பெற்றோலுக்கு மாறியது. பழைய வார்ப்பிரும்புத் தலையில் வால்வு உட்காரும் விளிம்பை முன்பு அந்த ஈயம்தான் காத்தது. நீண்ட தூரம் ஓட்டுவதென்றால் நல்ல லேத் பட்டறையில் கொடுத்துக் கடினமான வளையம் இறக்குங்கள். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல். கேத்திலுக்குள் படிவது போல ரேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் வெள்ளை படியும், பிறகு எஞ்சின் கொதிக்கிறது என்று பம்பைக் குறை சொல்வீர்கள். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் விடுங்கள்.

கொழும்பில் கிடைக்காத சில உறுப்புகளுக்குத் தமிழ்நாட்டைக் கேட்டுப் பாருங்கள். அம்பாசடர் கார் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் அச்சில் வந்தது. 2014 வரை கல்கத்தாவுக்கு அருகே செய்தார்கள். அதில் நீண்ட காலம் ஓடிய 1489 சீசீ எஞ்சின், ஒஸ்ரின் ஏ55 கேம்பிறிட்ஜில் இருக்கும் எஞ்சினின் உடன்பிறப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்து வாங்குங்கள். உங்கள் காரின் திருகாணிகள் பெரும்பாலும் அங்குல அளவு என்பதையும் மறவாதீர்கள். மில்லிமீற்றர் சாவியைப் போட்டு நெரித்து மூலை உருட்டிய திருகாணிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

இத்தனையும் காரை ஓட வைக்கும் மாற்றங்கள். பெரும்பாலானவற்றைப் பிறகொரு நாள் திரும்பக் கழற்றலாம், உடம்பை வெட்ட வேண்டியதில்லை. நான் எதிர்ப்பது திரும்ப முடியாததை. கலியாணப் படத்துக்கென்று மொறிஸ் மைனரின் கூரையை வெட்டுகிறீர்களே, அதை எதிர்க்கிறேன். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. தொழிற்சாலையில் கூரையில்லாமல் செய்த மைனருக்குக் கீழே மேலதிகமாக வலுவூட்டினார்கள். உங்கள் கிறைண்டர் அதை யோசிக்கவில்லை. வெட்டிய கார் நடுவில் தொய்யும், கதவு பூட்டாது, மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருக்கும்போது குழியில் விழுந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இரண்டு மணித்தியால வாடகைக்காக அறுபது எழுபது வருடம் தப்பி வந்த ஒன்றை வெட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. வெட்டச் சொல்லிக் கேட்கும் வீட்டாரிடம் முடியாது என்று சொல்லுங்கள். நீங்கள் எல்லோரும் ஒருமித்துச் சொன்னால் கேட்பதை நிறுத்துவார்கள்.

கதவுத் தூணிலிருந்து எழும்பும் கைகாட்டியைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையைப் புட்டியால் அடைக்காதீர்கள். மின்னும் விளக்கு வேண்டுமென்றால் தனியாகப் பூட்டுங்கள், கைகாட்டி தன் இடத்தில் இருக்கட்டும்.

இலக்கத்தகட்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் முதலில் கழற்றி எறிகிறீர்கள். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று தொடங்கும் இலக்கங்கள் பழைய ஆங்கில எழுத்து முறையைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பின்னர் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1958இல் தமிழரசுக் கட்சி அதற்கு எதிராக இயக்கம் நடத்தியது. வடக்கிலும் கிழக்கிலும் வாகனங்களில் சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். பலர் அதற்காகக் கைதானார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். அந்த வருடமே மே மாதத்தில் கலவரம் மூண்டது. ஒரு காரின் தகட்டுக்குள் இவ்வளவும் கிடக்கிறது. சாயம் சுரண்டும்போது பழைய தகட்டில் அடுக்கடுக்காக வேறு வேறு நிறம் தெரிந்தால், வேறு எழுத்தின் தடம் தெரிந்தால், தயவுசெய்து கையை நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். வீதியில் ஓடச் சட்டப்படியான புதுத் தகட்டைப் போடுங்கள், பழையதைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். இலக்கத்துக்காகவும் பதிவுப் புத்தகத்துக்காகவும் மட்டும் காரைக் கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்காதீர்கள். புத்தகம் ஒரு காருக்கும் உடம்பு இன்னொரு காருக்குமாகப் பிரிந்த பின் அந்த வாகனத்துக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

லொறி திருத்துகிறவர்களிடம் ஒன்று. தட்டிவானை உங்களில் சிலர் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடியது. பழைய லொறிச் சட்டகத்தின் மேல் மரக்கூடு, கண்ணாடி இல்லாத பக்கங்கள், பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டியில் சந்தைக்குப் போகும் தேங்காய்ச் சாக்கும் வாழைக்குலையும் சைக்கிளும். இது எந்தத் தொழிற்சாலையின் மாதிரியும் இல்லை. எங்கள் தச்சரும் கொல்லரும் மெக்கானிக்மாரும் சேர்ந்து எங்கள் சந்தைக்காகச் செய்தது. உலகில் எந்த நூதனசாலையிலும் இதன் வரைபடத்தை நீங்கள் தேடி எடுக்க முடியாது. எங்காவது ஒரு வளவில் மரக்கூடு உக்கிய நிலையில் ஒன்று கிடந்தால், சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உக்கிய பலகையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த மூட்டை எப்படி வெட்டியிருக்கிறார்கள், எந்த மரம், ஆணியா திருகாணியா என்று ஒரு வயதான தச்சரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அந்த அளவுகளை வைத்துப் பிறகு நீங்கள் புதிதாகக் கட்டலாம். அளவே இல்லாவிட்டால் நினைவில் கட்டுவீர்கள், அது தட்டிவானாக இருக்காது.

எங்களைப் போலத் தடைக்குள் கார் காத்த இன்னொரு நாடு கியூபா. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா வர்த்தகத்தைத் தடுத்த பின், அமெரிக்கக் கார்களுக்குள் சோவியத் எஞ்சின்களை இறக்கி இன்றுவரை ஓட்டுகிறார்கள். அந்த ஒட்டுவேலையை அவர்கள் ஒளிப்பதில்லை. பார்க்க வருபவருக்கு மூடியைத் திறந்து காட்டுகிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதைத்தான் சொல்கிறது: ஒரு வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாறு, செய்கிற வேலை திரும்பப் பிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், செய்ததை எழுதி வைக்க வேண்டும். இதை அவர்கள் சொன்னதற்காக நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு இது யாரையும் விடக் கூடுதலாகப் பொருந்துகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் நகர்ந்தபோது, வீட்டுக் கடதாசிகளையும் படங்களையும் விட்டுவிட்டுத்தான் போனோம். அன்றைய மழைக்குள் நோயாளிகளையும் கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு அடி அடியாக ஊர்ந்த ஒஸ்ரின்களில் ஒன்று உங்களுடையதாகவும் இருக்கலாம். தாளில் இல்லாமற் போனது தகட்டில் இருக்கிறது.

காலம் குறைவு என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2002இல் ஏ9 திறந்தவுடன் வாங்குபவர்கள் வந்து வீடு வீடாகக் கேட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். காசு தேவைப்பட்ட சனம் கொடுத்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய காருக்குத் திரும்பவும் கேள்வி கூடியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு, புதுக்கார் வாங்க வசதி வந்த வீடுகளில் கொட்டிலை வெறுமையாக்கும் அவசரம் தெரிகிறது. கார் ஒருபக்கம் போக, அதை அறிந்தவர்களும் போகிறார்கள். 1990இல் நாற்பது வயதில் இருந்த மெக்கானிக்குக்கு இன்றைக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அப்பா போய்ப் பல வருடம். அவர் கையில் இருந்ததில் எவ்வளவை நான் கேட்டு வைத்தேன் என்று எண்ணினால் கொஞ்சம்தான். அவரோடு வேலை செய்த மற்றவர்களிடம் இப்போது ஒவ்வொருவராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள். ஒரு வாகனத்தைக் கழற்றத் தொடங்க முன்னம், அதை முன்பு திருத்திய ஒருவரை, அவர் இல்லையென்றால் அந்தக் காலத்துப் பட்டறைக்காரர் யாரையாவது, உங்கள் முற்றத்துக்குக் கூட்டிவாருங்கள். காரையும் அவரையும் ஒன்றாக வைத்துப் பேசவிடுங்கள். வீட்டில் கதிரையில் இருத்திக் கேட்டால் "அப்ப கஷ்டப்பட்டனாங்கள் தம்பி" என்று இரண்டு வசனத்தோடு முடித்துவிடுவார்கள். மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டினால் கை தானாக உள்ளே போகும், கதை அதோடு வரும். உங்கள் கைபேசியில் அதைப் பதியுங்கள். கழற்றும் ஒவ்வொரு உறுப்பிலும், தொழிற்சாலையில் வந்ததா இங்கே செய்ததா என்று ஒரு துண்டு கட்டுங்கள். இங்கே செய்த எதையும் எறியாதீர்கள்; பூட்ட முடிந்ததைத் திரும்பப் பூட்டுங்கள், முடியாததைக் காரோடேயே ஒரு பெட்டியில் வையுங்கள், காரை விற்றால் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். பதிவையும் படங்களையும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். எங்களுடைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்து வைப்பவர்கள் அவர்கள். மண்ணெண்ணெய்த் திருப்பைப் பற்றிய ஒரு முதியவரின் பேச்சும் அந்தச் சேகரத்துக்குள் இருக்க வேண்டியதுதான்.

தங்கச்சிமாரிடம் தனியாக ஒரு சொல். கராச்சில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகக் கூச்சப்படாதீர்கள். தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் பிளக் உரஞ்சியதும் பழைய கஸ்கற்றைக் கடதாசியில் பதித்துப் புதியது வெட்டியதும் அம்மாவும் நாங்களும்தான். பக்கத்து வீட்டு அம்மம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் தெரிந்திருக்கும்.

கேட்கும்போது பெரிய கேள்விகள் வேண்டாம். போர் எப்படி இருந்தது என்று தொடங்காதீர்கள். இந்தத் தாங்கியை எந்தத் தகரத்தில் அடித்தீர்கள் ஐயா, ஈயம் எங்கே எடுத்தீர்கள், இந்தப் புஷ் எந்தப் பட்டறையில் கடைந்தது, மின்சாரம் இல்லாமல் லேத்தை எப்படிச் சுழற்றினீர்கள், மண்ணெண்ணெய்க்கு எந்தச் சத்தத்தில் மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது எஞ்சினை எழுப்பி வைத்திருங்கள். அவர் கையைத் தூக்கி "இப்ப" என்று சொல்லும் இடத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.

அன்புடன்,
ஒரு கராச் வீட்டுப் பிள்ளை